பின் கேட்டில் இல்லாத பஞ்ச் மிஷின்

இதை எழுத ஐந்து வருஷமாகத் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், நாலு வரி எழுதுவேன், வெட்கம் வந்து மூடிவிடுவேன். அடுத்தவன் செய்த அநியாயத்தை மட்டும் எழுதுவதாக இருந்தால் என்றைக்கோ எழுதி முடித்திருப்பேன். இந்தக் கதையில் அநியாயத்துக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். அதனால்தான் இவ்வளவு நாள். இந்த வருஷம் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்தபோது, இனியும் தள்ளிப் போட்டால் சாமிக்கே பொறுக்காது என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

என் பெயர் ஏழுமலை. திருப்போரூருக்கு மேற்கே இள்ளலூர். ஒன்பதாவது வரை படிப்பு. சிறுசேரியில் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கேம்பஸில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்ட் ஆள். கரன்ட், தோட்டம், ஹவுஸ்கீப்பிங் எல்லாவற்றையும் பார்க்கும் கான்ட்ராக்ட்காரரிடம் வேலை. போக பதினாலு கிலோமீட்டர், வர பதினாலு கிலோமீட்டர். எல்லாம் சைக்கிள்.

1. போக ஒரு சுகம், வர ஒரு கஷ்டம்

ஏழு மணி ஷிஃப்டுக்கு ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புவேன். திருப்போரூரில் கந்தசாமி கோயில் கோபுரம் தெரிகிற இடத்தில் இறங்கி, செருப்பைக் கழற்றி, ஒரு கும்பிடு. பிறகு ஏறினால் தையூர் ஏரி வரைக்கும் காற்றே தள்ளிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் உலகத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஐம்பது வயதில் சுகர் இல்லை, பிரஷர் இல்லை. மாடியில் ஏ.சி.யில் உட்காருகிற பிள்ளைகள் முப்பது வயதில் மாத்திரை சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வருவது அப்படி இல்லை. நாலு மணிக்கு மேல் கடல் காற்று எதிரே அடிக்கும். நின்று மிதித்தாலும் நகராது. எம்-சாண்ட் லாரி பக்கத்தில் போனால் கண், வாய், பாக்கெட் எல்லாம் மண். மழைக்காலத்தில் கேளம்பாக்கம் தாண்டித் தண்ணீர் எங்கே ரோடு, எங்கே பள்ளம் என்று தெரியாமல் நிற்கும். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த நாள் உண்டு. காரில் போகிறவன் சேற்றை அடித்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, "ஓரமா போய்யா" என்று நம்மையே திட்டுவான். ஓரம் எங்கே இருக்கிறது? அதைத்தான் கடைக்காரன் வளைத்துப் போட்டுக்கொண்டானே.

இதெல்லாம் வெயில், மழை மாதிரி. பொறுத்துக்கொள்ளலாம். மனுஷன் உட்கார்ந்து யோசித்துப் போட்ட சட்டத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

2. இரண்டு கேட்

எங்கள் கேம்பஸுக்கு இரண்டு கேட். முன் கேட்டில் பஞ்ச் மிஷின். விரல் வைத்தால்தான் ஆள் வந்ததாகக் கணக்கு. ஏழு ஐந்துக்கு மேல் வைத்தால் அரை நாள் போச்சு. ஆனால் முன் கேட் வழியாக சைக்கிள் உள்ளே போகக் கூடாது. வெளியே சாய்த்து வைக்கவும் கூடாது. பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் செக்யூரிட்டி காற்றைப் பிடுங்கிவிடுவார்.

சைக்கிள் ஸ்டாண்டு பின் கேட்டுக்கு உள்ளே, ஜெனரேட்டர் பக்கத்தில். சரி, நேராகப் பின் கேட்டுக்குப் போகலாம் என்றால், பஞ்ச் போடாத ஆளை அங்கே உள்ளே விட மாட்டார்கள். அங்கே மிஷின் கிடையாது.

அதாவது சைக்கிளை விட வேண்டுமானால் முதலில் பஞ்ச் போட வேண்டும். பஞ்ச் போட வேண்டுமானால் சைக்கிளை விட்டுவிட்டு வர வேண்டும். இதை நான் சைட் மேனேஜரிடம் வாயால் இரண்டு தடவை, எழுதி ஒரு தடவை சொன்னேன். அவர் பதில் இதுதான்:

"உங்களுக்குத்தான் கம்பெனி வேன் விட்டிருக்கே. அதுல வாங்களேன்யா."

"வேன் கேளம்பாக்கத்தோட நின்னுடுது சார். நான் இள்ளலூர்லருந்து கேளம்பாக்கத்துக்கு எதுல வர்றது?"

"அது உன் பிரச்சினை ஏழுமலை. சின்ன விஷயத்தை எல்லாம் என்கிட்ட கொண்டு வராத."

அதே வருஷம் சுற்றுச்சூழல் நாளுக்கு முன் கேட்டில் ஒரு பெரிய பேனர் கட்டினார்கள். ஒரு பெண் சிரித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டுகிற படம். ஏணி போட்டு அதைக் கட்டியவன் நான்தான்.

3. நாங்கள் கண்டுபிடித்த வழி

சைக்கிள்காரர்கள் நாங்கள் இருபது பேர் இருந்தோம். ஒரு வழி கண்டுபிடித்தோம். முன் கேட்டில் சைக்கிளைச் சாய்ப்பது, ஓடிப்போய் விரல் வைப்பது, வெளியே வருவது, மறுபடி ஏறி மதில் ஓரமாகச் சுற்றிப் பின் கேட்டுக்குப் போவது. சரியான பக்கத்தில் போனால் ரவுண்டானா வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் வேலைக்கு லேட். அதனால் எல்லோரும் எதிர்த் திசையில்தான் போவோம். செக்யூரிட்டிக்குத் தெரியும். சூப்பர்வைசருக்குத் தெரியும். மேனேஜருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் வேலை நடந்தது.

தேவகி என்று ஒரு பெண் ஹவுஸ்கீப்பிங்குக்குச் சேர்ந்தது. தையூர். முப்பத்து நாலு வயது. லேடீஸ் சைக்கிளில் வரும். முதல் நாள் பின் கேட்டில் அந்தப் பெண்ணை நிற்க வைத்துவிட்டார்கள். அரை நாள் போனது. அழுதுகொண்டு நின்ற பெண்ணிடம் நான்தான் போய்ப் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்:

"இன்னாத்துக்கு அழுவுற? நாளைலேர்ந்து முன் கேட்டுக்கு வா. விரல வெச்சிட்டு என் பின்னாலயே வந்துகினு இரு."

"போலாமாண்ணே? தப்பு இல்லியே?"

"நான் ஏழு வருஷமா போய்க்கினு கீறேன். என்னை யாரு இன்னா பண்ணாங்க?"

தோட்ட வேலை பார்க்கிற பாபு பக்கத்தில் நின்றவன், "அண்ணாத்த பின்னால போனா மெதுவாத்தான் போவணும், சைக்கிளுக்கும் அதே வயசுதான்" என்றான். அந்தப் பெண் சிரித்துவிட்டது.

தேவகிக்கு விரல் மிஷினில் சீக்கிரம் பதியாது. ஆசிட், ஃபினாயில் போட்டுக் கழுவுகிற கை. ரேகை தேய்ந்திருக்கும். துடைத்துத் துடைத்து நாலைந்து தடவை வைக்கும். அதனால் எப்போதும் கடைசியில் அவசரமாக ஏறி வரும்.

4. கார்

மார்கழி மாதம், பனி. நான் திருப்பத்தில் இருந்தேன். பின்னால் பிரேக் போடுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் தேவகியின் சைக்கிள் மீடியன் ஓரத்தில் கிடக்கிறது. ஆளை இறக்கிவிட வந்த வாடகைக் கார். டிரைவர் பையன் இறங்கி ஓடி வருகிறான். "ராங் சைடுல வந்தாங்க சார், ராங் சைடுல வந்தாங்க" என்று அதையே சொல்கிறான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது.

தேவகி கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "அண்ணே, பஞ்ச் வுழுந்திச்சு இல்ல?"

வலி தெரிவதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு அரை நாள் பயம் தெரிந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

நானும் பாபுவும் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இடுப்பு எலும்பு உடைந்திருந்தது.

5. கையெழுத்து

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். என்னை அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு பேப்பரை நீட்டினார். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது.

"நீதானே பார்த்த? கீழ ஒரு கையெழுத்துப் போடு."

"இன்னா சார் எழுதிக் கீது?"

"நீ பார்த்ததுதான். அந்தம்மா பஞ்ச் போட்டுட்டு வெளிய போனாங்க. கார் இடிச்சது. இதுல பொய் ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? இது போனாத்தான் அவங்களுக்கு இன்சூரன்ஸ்ல ஏதாவது நடக்கும். லேட் பண்ணாத."

அந்தப் பெண்ணுக்கு நல்லது என்றதும் போட்டுவிட்டேன். பெயருக்கு முன்னால் எப்போதும் போல 'உ' போட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த அக்கிரமத்துக்குப் பிள்ளையாரையும் சாட்சி வைத்தேன்.

6. குமார் வந்தது

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை. தேவகியின் வீட்டுக்காரர் குமார் என் வீட்டு வாசலில் நிற்கிறார். லோடு ஏற்றும் வேலை செய்கிறவர். என் மனைவி உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. காபி வேண்டாம் என்றார்.

"அண்ணே, ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போய்ட்றேன். எம் பொண்டாட்டி சொந்த வேலையா வெளிய போச்சா?"

"இல்லியே. இன்னாத்துக்குக் கேக்குற?"

"அப்ப இன்னாத்துக்கு எழுதிக் குடுத்த?"

பேப்பரின் நகலைக் கொடுத்தார். தெரு முனையில் செல்போன் கடை வைத்திருக்கிறவரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னேன். அவர் தமிழில் சொன்னார்: 'தேவகி வருகையைப் பதிவு செய்துவிட்டு, யாரிடமும் அனுமதி பெறாமல், சொந்த வேலையாக வளாகத்தை விட்டு வெளியேறினார். அதை நான் நேரில் பார்த்தேன்.' கீழே உ. ஏழுமலை.

அதனால் வேலை நேர விபத்து இல்லை என்று காப்பீட்டு ஆபீஸில் தள்ளிவிட்டார்களாம். ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது. படுத்திருக்கிற மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது. அனுமதி இல்லாமல் வெளியே போனதாகச் சொல்லி வேலையும் போகப் போகிறது.

குமார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அது உன்ன அண்ணன், அண்ணன்னு சொல்லும்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் என் மனைவி சாமி விளக்கை ஏற்றிவிட்டு, என் பக்கம் திரும்பாமல், "படிக்காத பேப்பர்ல கையெழுத்துப் போட்டது தப்புன்னாலும் மத்தவங்க மன்னிப்பாங்க. தெரிஞ்சப்புறம் சும்மா கீறதுக்கு இன்னா பேரு?" என்றாள்.

மறுநாள் வேலைக்குப் போகும்போது கோபுரத்துக்கு எதிரே இறங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மிதித்துப் போய்விட்டேன்.

7. மெமோ

நேராக மேனேஜரிடம் போனேன். "சார், அது சொந்த வேலைன்னு நான் சொல்லவேயில்லையே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்தினார்.

"ஏழுமலை, நீ உண்மையைச் சொல்றேன்னே வெச்சுக்க. என்னன்னு சொல்லுவ? பஞ்ச் போட்டுட்டு வெளிய போறது இங்க தினமும் நடக்குதுன்னு. நீயே ஏழு வருஷமா போறேன்னு. அது மோசடிய்யா. இருபது பேருக்கும் மெமோ அடிப்பேன். எல்லார் வீட்லயும் அடுப்பு எரிய வேணாமா?"

எப்படிப் பாருங்கள். பூட்டைப் போட்டவன் இவன். சாவியை ஒளித்து வைத்தவன் இவன். சுவர் ஏறிக் குதித்ததற்கு நாங்கள் திருடர்கள்.

விஷயம் அரை மணியில் பரவியது. சாப்பாட்டு நேரத்தில் பாபு என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். "அண்ணாத்த, எனக்குப் பொண்ணு பன்னெண்டாவது படிக்கிது. பேஜாரு பண்ணாத. தேவகிக்கு நம்ம எல்லாம் சேர்ந்து எதுனா செய்யலாம். வாய மட்டும் தொறக்காத" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவன் சொன்னதும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கு நடுவில் இரண்டு நாள் தூங்காமல் கிடந்தேன்.

மூன்றாம் நாள் லீவு சொல்லாமல் செங்கல்பட்டில் இருக்கிற காப்பீட்டு ஆபீஸுக்கு சைக்கிளை மிதித்தேன். பஸ் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும், நடுவில் இறங்கிவிடுவேனோ என்று பயம். காட்டு வழியில் ஏற்றம், இறக்கம், வெயில். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டு அந்த ஆபீஸ் படியேறினேன்.

விசாரிக்கிற ஆபீசர் ஒரு அம்மா. கண்ணாடி போட்டவர். முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதாம்மா."

"இப்ப இல்லேங்கறீங்க. எதை நம்பறது?"

"கையெழுத்து என்னுது. வார்த்தை என்னுது இல்லம்மா. அந்தப் பொண்ணுக்கு அந்த வழியக் காட்டிக் குடுத்தவனே நான்தான். தண்டனைன்னா எனக்குக் குடுங்க."

அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தார். முழுசாகக் கேட்டார். இரண்டு கேட்டையும் ஒரு தாளில் வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தேன். எலக்ட்ரிகல் டிராயிங் போட்டுப் பழகின கைதானே.

"வேற யார் யார் இப்படிப் போறாங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டு போனேன். இல்லை என்றால் இன்னொரு பொய். பெயர் சொன்னால் பாபுவின் வீடு.

"போறாங்கம்மா. பேரு என் வாயால வராது. ஒரு நாளிக்கு ஆறேமுக்காலுக்கு வந்து நீங்களே நின்னு பாருங்க."

நடந்ததைத் தமிழில் நாலு பக்கம் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். மேலே பிள்ளையார் சுழி போடலாமா என்று கேட்டேன். போடுங்க என்றார்.

8. வந்து நின்றார்

பத்து நாள் கழித்து நிஜமாகவே வந்து நின்றார். டீக்கடைக்குப் பக்கத்தில், கையில் பையோடு. ஆறு ஐம்பது. நான் பார்த்துவிட்டேன், பாபுவும் பார்த்துவிட்டான். நான் சொல்லாமலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் எல்லோரும் சைக்கிளை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு நடந்து வந்திருந்தால் முடிந்தது கதை. தேவகியின் கதையும் முடிந்திருக்கும்.

பாபு ஒரு நிமிஷம் நின்றான். என்னை முறைத்தான். பிறகு சைக்கிளை அந்த அம்மாவுக்கு எதிரிலேயே சாய்த்தான். போய் விரல் வைத்தான். வெளியே வந்தான். ஏறப் போனவனை அந்த அம்மா நிறுத்தினார்.

"எங்க போறீங்க? பஞ்ச் போட்டாச்சே?"

"சைக்கிள வுடப் போறேம்மா. இந்த கேட்ல மாடு போவும், நாய் போவும், சைக்கிள் போவாது."

பின்னாலேயே ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தரும் ஒளியவில்லை. அத்தனை பேரும் விரல் வைத்து, வெளியே வந்து, எதிர்த் திசையில் போனதை அந்த அம்மா நின்று பார்த்தார். பிறகு அவரும் அதே மதில் ஓரமாக, கார் வருகிற பக்கமே நடந்து பின் கேட் வரைக்கும் போனார். முன் கேட் கேமராவில் இருந்ததையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தேவகியின் விபத்து வேலை சம்பந்தமான விபத்து என்று ஆனது. ஆஸ்பத்திரிச் செலவு வந்தது, லீவுக்குச் சம்பளம் வந்தது, வேலையும் தங்கியது. இருபது பேருக்கும் மெமோ வரவில்லை. அடிக்கிற தைரியம் யாருக்கும் இல்லை. எனக்கு மட்டும் நாவலூர் சைட்டுக்கு மாற்றல் என்று பேப்பர் வந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

9. நாற்பது நிமிஷம்

மாற்றலுக்கு முன்னால் எனக்குக் கடைசியாக ஒரு வேலை கொடுத்தார்கள். பின் கேட்டில் ஒரு பஞ்ச் மிஷின் மாட்ட வேண்டும். புதிதாக வாங்கினார்களா என்று கேட்டேன். ஸ்டோரில் இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். அட்டைப் பெட்டியோடு, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல், மேல் தட்டில் இருந்தது. கேம்பஸ் திறந்தபோது வாங்கிப் போட்டதாம். மேலே அவ்வளவு தூசி.

டிரில்லிங் மிஷினால் நாலு ஓட்டை. நாலு ஆங்கர் போல்ட். செக்யூரிட்டி ரூமிலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிள். ஒரு பிளக் பாயிண்ட். மணி பார்த்துக்கொண்டேதான் செய்தேன். நாற்பது நிமிஷம். அதிலும் ஏணி தேட ஐந்து நிமிஷம்.

பச்சை விளக்கு எரிந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஸ்குரூடிரைவரைச் சுவரில் வீசி அடிக்கலாம் போல வந்தது. ஏழு வருஷம், இருபது பேர், ஒரு பெண்ணின் இடுப்பு எலும்பு. எல்லாவற்றுக்கும் மருந்து நாற்பது நிமிஷத்து வேலை. அதைச் செய்யத் தெரிந்தவன் தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

எட்டு மாதம் கழித்துத் தேவகி வேலைக்குத் திரும்பியது. சைக்கிள் சீட்டில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷேர் ஆட்டோவில் வந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வருகிறது. அந்த முதல் நாள் தேவகியைப் பார்ப்பதற்காகவே நாவலூர் போகிற வழியில் பின் கேட்டில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அதற்குப் பதிலாக மிஷினைத்தான் காட்டினேன்.

தேவகி கிட்டே போய், தொட்டுப் பார்த்தது. நாலு போல்ட்டையும் பார்த்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "இவ்ளோதானாண்ணே?" என்றது.

இவ்வளவுதான், அம்மா.

வேலைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. வேலை செய்கிற இடத்தில் ஒரு சட்டம் சரியில்லை என்று தெரிந்தால், அதைச் சுற்றிப் போக வழி கண்டுபிடிக்காதீர்கள். நாங்கள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம். நாங்கள் சுற்றிப் போகப் போகத்தான் அவர்களுக்கு அந்த மிஷின் பெட்டியைப் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. இருபது பேரும் ஒரே ஒரு காலை முன் கேட்டில் சைக்கிளோடு நின்றிருந்தால் போதும்.

இதைப் படிக்கிறவர்கள் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கும், அவர்களுக்குச் சட்டம் போடுகிறவர்களுக்கும் கொடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு நல்ல பெயர் வர வேண்டும் என்று ஐந்தாவது பகுதியை எடுத்துவிடாதீர்கள். நான் சொல்லாததைச் சேர்க்காதீர்கள். ஒரு தடவை என் பெயருக்கு மேலே வேறு ஆள் எழுதியது போதும். இதற்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தும் நானே எழுதியது, நானே படித்தது. இப்படியே கொடுங்கள்.

உ. ஏழுமலை
இள்ளலூர்